அமெரிக்காவுல துணை அதிபர் நாற்காலி காலியானா எப்படி நிரப்புவாங்க? படிப்படியா பாக்கலாம்

2024 ஜூலை 21, அப்ப அதிபரா இருந்த பைடன் இனிமே தேர்தல் போட்டியில இல்லன்னு அறிவிச்ச அன்னிக்கு ராத்திரி எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல யாருமே தூங்கல. அப்ப துணை அதிபரா இருந்த கமலா ஹாரிஸோட தாத்தா ஊரு திருவாரூர் மாவட்டத்துல இருக்கற துளசேந்திரபுரம்ங்கறதால நம்மாளுங்களுக்கு இதுல தனி அக்கறை. அப்ப ஒரு சித்தப்பா கேட்டாரு, "சரிப்பா, பைடன் தேர்தல் வரைக்கும் காத்திருக்காம இப்பவே ராஜினாமா பண்ணிட்டா கமலா அதிபராயிடுவாங்க, அப்ப துணை அதிபர் யாரு?" உடனே நாலஞ்சு பேர் சபாநாயகர்னு போட்டாங்க, ரெண்டு பேர் வெளியுறவு அமைச்சர்னு போட்டாங்க, எல்லாமே தப்பு. அன்னிக்கு நான் துண்டு துண்டா டைப் பண்ணினத இங்க ஒரே இடத்துல எழுதறேன், ஏன்னா சிட்டிசன்ஷிப் இன்டர்வியூக்கு படிக்கறவங்கள்லேந்து சும்மா நியூஸ் பாக்கறவங்க வரைக்கும் எல்லாரும் சறுக்கற இடம் இதுதான்.

முதல்ல இத மனசுல வெச்சுக்கோங்க. துணை அதிபர் இடம் காலியானா யாரும் தானா அந்த இடத்துக்கு வர மாட்டாங்க. பிரதிநிதிகள் சபையோட சபாநாயகர் வரிசையில நிக்கறது அதிபர் நாற்காலிக்கு, துணை அதிபர் நாற்காலிக்கு இல்ல. சிட்டிசன்ஷிப் பரீட்சையோட 2008 பட்டியல்ல "அதிபர், துணை அதிபர் ரெண்டு பேராலயும் பதவியில இருக்க முடியலன்னா யார் அதிபர்"னு ஒரு கேள்வி உண்டு, பதில் சபாநாயகர், அது சரியான பதில்தான், ஆனா அத படிச்சு படிச்சு நம்ம மண்டையில ஏதோ ஏணி மாதிரி ஒரு படம் பதிஞ்சுடுது, மேல ஒருத்தர் போனா கீழ இருக்கற எல்லாரும் ஒரு படி ஏறுவாங்கன்னு. அப்படி இல்ல. அதிபர் போனா துணை அதிபர் ஏறுவார், அவ்ளோதான், அவர் விட்டுட்டு போன படி காலியாவே கிடக்கும். யாராவது ஒருத்தர கொண்டுவந்து அங்க உக்கார வெக்கணும்.

அந்த உக்கார வெக்கற வழிய சொல்றது அரசியல் சாசனத்தோட 25வது திருத்தம், ரெண்டாவது பிரிவு. 1967 பிப்ரவரி 10-ம் தேதி அமலுக்கு வந்தது. மொத்தமே ஒரு வாக்கியம்தான்: துணை அதிபர் இடம் காலியானா அதிபர் ஒருத்தர நியமனத்துக்கு முன்மொழியணும், காங்கிரஸோட, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தோட, ரெண்டு சபையும் (செனட், பிரதிநிதிகள் சபை) மெஜாரிட்டி ஓட்டுல சரின்னு சொன்னதும் அவர் பதவி ஏத்துக்குவார். நம்ம ஊர்ல மாதிரி எம்.பி.க்கள் ஓட்டு போட்டு ரெண்டு வேட்பாளர்ல ஒருத்தர தேர்ந்தெடுக்கற கதையே அங்க கிடையாது, ஒரே ஒரு பேரு, அதுக்கு ஆமாவா இல்லையா, அதுதான் கேள்வி.

சரி, இப்ப ஒரு நாள் காலையில எழுந்து பாத்தா "துணை அதிபர்" பத்தி பிரேக்கிங் நியூஸ் ஓடுதுன்னு வெச்சுக்கோங்க. என்ன பாக்கணும்?

மொதல்ல, இடம் நிஜமாவே காலியா? காலியாகறதுக்கு நாலு வழிதான். துணை அதிபர் இறந்து போறது, ராஜினாமா பண்றது, இம்பீச்மென்ட்ல, அதாவது குற்றம் சாட்டி விசாரிச்சு, செனட் அவர பதவிநீக்கம் பண்றது (இது இதுவரைக்கும் நடந்ததில்ல), இல்லன்னா அதிபர் இடம் காலியாகி அவரே அதிபராயிடறது. ராஜினாமான்னா அதுக்கும் ஒரு முறை இருக்கு, எழுத்துல எழுதி கையெழுத்து போட்டு வெளியுறவு அமைச்சர் ஆபீஸ்ல சேக்கணும், மீடியா முன்னாடி நின்னு அழுதா மட்டும் ராஜினாமா ஆகாது. அப்புறம் தற்காலிகமா அதிபர் பொறுப்ப பாக்கறது வேற விஷயம், அத இதோட சேத்துக் குழப்பிக்காதீங்க. 2021 நவம்பர் 19 அன்னிக்கு பைடனுக்கு மயக்க மருந்து குடுத்து குடல் பரிசோதனை பண்ணினப்ப கமலா 85 நிமிஷம் பொறுப்பு அதிபரா இருந்தாங்க, ஆனா அந்த 85 நிமிஷமும் அவங்கதான் துணை அதிபரும், இடம் காலியாகல, பைடன் கண் முழிச்சு ஒரு கடிதம் அனுப்பினதும் எல்லாம் பழையபடி ஆயிடுச்சு.

இங்க ஒரு ஓட்டை இருக்கு, எனக்கு நிஜமாவே கவலை தர்ற ஓட்டை. அதிபர் நினைவில்லாம படுத்துட்டா என்ன பண்றதுன்னு சாசனம் சொல்லுது, துணை அதிபர் நினைவில்லாம படுத்துட்டா என்ன பண்றதுன்னு ஒரு வரி கூட இல்ல. அவர் உயிரோட இருக்கார், ராஜினாமா பண்ற நிலையில இல்ல, அதனால இடம் காலின்னும் சொல்ல முடியாது, புது ஆளையும் போட முடியாது.

1967-க்கு முன்னாடி என்ன பண்ணினாங்கன்னு கேட்டா, ஒண்ணுமே பண்ணல. அடுத்த தேர்தல் வரைக்கும் நாற்காலி காலியா கிடக்கும். அப்படி 16 தடவ காலியா கிடந்திருக்கு, எல்லாத்தையும் கூட்டினா 37 வருஷத்துக்கு மேல வரும். எட்டு தடவ அதிபர் இறந்து துணை அதிபர் மேல போனார், ஏழு தடவ துணை அதிபரே இறந்துட்டார், ஒருத்தர், ஜான் கால்ஹூன், 1832 டிசம்பர்ல செனட்டர் ஆகறதுக்காக ராஜினாமா பண்ணிட்டு போனார். வில்லியம் கிங்குன்னு ஒருத்தர் 1853 மார்ச்ல காசநோயோட க்யூபாவுல உடம்பு தேத்திக்கிட்டிருந்த எடத்துல பதவிப்பிரமாணம் எடுத்துக்கிட்டு, ஏப்ரல்ல ஊர் திரும்பின கையோட இறந்துட்டார், அதுக்கப்புறம் கிட்டத்தட்ட நாலு வருஷம் அந்த நாட்டுக்கு துணை அதிபரே கிடையாது. ஜான் டைலர் 1841-ல ஒரே மாசத்துல அதிபரானவர், அவர் காலம் முழுக்க துணை அதிபர் இல்லாமயே ஓடிடுச்சு.

காலியா கிடந்தா என்ன கெட்டுப்போச்சுன்னு தோணும், 1868-ல நடந்தத பாத்தா புரியும். லிங்கன் சுடப்பட்டதும் அதிபரான ஆண்ட்ரூ ஜான்சன இம்பீச் பண்ணி செனட்ல விசாரணை நடந்துச்சு. துணை அதிபர் இல்ல. அப்ப இருந்த சட்டப்படி அடுத்த வரிசையில இருந்தவர், துணை அதிபர் இல்லாதப்ப செனட்ட நடத்தற தற்காலிக தலைவர் பெஞ்சமின் வேட், ஜான்சன் போனா அதிபர் ஆகப்போறது அவரேதான், ஆனாலும் அவர் விசாரணையில உக்காந்து ஜான்சன் குற்றவாளின்னு ஓட்டும் போட்டார். 35-க்கு 19, மூணுல ரெண்டு பங்குக்கு ஒரே ஒரு ஓட்டு கொறஞ்சு ஜான்சன் தப்பிச்சார். அந்த ஒரு ஓட்டு இந்தப் பக்கம் விழுந்திருந்தா, ஒரு அதிபர இறக்கின ஓட்டெடுப்புல தானும் ஓட்டு போட்டவரே அடுத்த அதிபராயிருப்பார்.

1881 இன்னும் மோசம். அதிபர் கார்ஃபீல்டு ஜூலை 2-ம் தேதி சுடப்பட்டு செப்டம்பர் 19 வரைக்கும் இழுத்துக்கிட்டு இருந்து இறந்தார், செஸ்டர் ஆர்தர் அதிபரானார், அந்த நேரம் பாத்து செனட்டுக்கு தற்காலிக தலைவரும் இல்ல, பிரதிநிதிகள் சபைக்கு சபாநாயகரும் இல்ல. ஆர்தருக்கு ஏதாவது ஆகியிருந்தா அடுத்து யாருன்னு சொல்ல ஒரு ஆள் கூட இல்லாத நாட்கள் அது.

ஆனா எல்லாரையும் உலுக்கினது கென்னடி கொலைதான். 1963 நவம்பர் 22. லிண்டன் ஜான்சன் அதிபரானார், அவருக்கு 1955-லயே கடுமையான மாரடைப்பு வந்திருக்கு. அவருக்கு அடுத்து சபாநாயகர் ஜான் மெக்கார்மக், 71 வயசு. அவருக்கு அடுத்து செனட் தற்காலிக தலைவர் கார்ல் ஹேடன், 86 வயசு. ஜான்சன் காங்கிரஸ்ல பேசினப்ப அவருக்குப் பின்னாடி இந்த ரெண்டு பேரும்தான் உக்காந்திருந்தாங்க, நாடே டிவில அந்தக் காட்சிய பாத்துச்சு. அணு ஆயுத காலம் வேற. 1965 ஜனவரி 20-ல ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரி வர்ற வரைக்கும் 14 மாசம் அப்படியேதான் போச்சு. இந்தியானா மாநிலத்து செனட்டர் பெர்ச் பே இத விடாம பிடிச்சுக்கிட்டு 25வது திருத்தத்த கொண்டுவந்தார், அப்ப அவருக்கு நாற்பது வயசு கூட ஆகல. காங்கிரஸ் 1965 ஜூலைல பாஸ் பண்ணுச்சு, மாநிலங்கள் ஒவ்வொண்ணா சரி சொல்லி முடிக்க 1967 ஆச்சு. எட்டு வருஷத்துக்குள்ளயே அது ரெண்டு தடவ தேவைப்பட்டுச்சு.

சரி, வழிமுறைக்கு வருவோம். இடம் காலிதான்னு உறுதியாச்சு. அடுத்தது அதிபர் பேர சொல்லணும். யார வேணும்னாலும் சொல்லலாமான்னா கிட்டத்தட்ட ஆமா, அதிபராக தகுதி இருக்கணும், அதாவது பிறப்பால அமெரிக்க குடிமகனா இருக்கணும், 35 வயசு ஆகியிருக்கணும், 14 வருஷம் அங்க வசிச்சிருக்கணும். நம்ம ஊர்ல பொறந்து அங்க போய் குடியுரிமை வாங்கினவங்க எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் முடியாது, அங்கயே பொறந்த அவங்க பிள்ளைங்க ஆகலாம். அந்தக் கட்சிதான் இந்தக் கட்சிதான்னு எதுவும் இல்ல, எம்.பி.யா இருக்கணும்னும் இல்ல. காங்கிரஸ்ல இருக்கறவரா இருந்தா மட்டும் அந்த சீட்ட விட்டுட்டுதான் இதுக்கு வர முடியும், ரெண்டையும் வெச்சுக்க முடியாது.

அதிபர் எத்தன நாளைக்குள்ள பேர் சொல்லணும்? கெடு எதுவும் இல்ல. காங்கிரஸ் எத்தன நாளைக்குள்ள ஓட்டெடுக்கணும்? அதுக்கும் கெடு இல்ல. இத அடிக்கோடு போட்டு வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

பேர் அனுப்பறது ரெண்டு சபைக்கும். அமைச்சர், சுப்ரீம் கோர்ட் நீதிபதி எல்லாருக்கும் செனட் மட்டும் சரின்னு சொன்னா போதும், துணை அதிபருக்கு மட்டும்தான் பிரதிநிதிகள் சபையும் சேந்து ஓட்டு போடணும். காரணம் நியாயமானதுதான், நாட்டு மக்கள் மொத்தமா ஓட்டு போட்டு நிரப்ப வேண்டிய இடம் இது, அத மக்கள் இல்லாம நிரப்பும்போது மக்கள் பிரதிநிதிகள் முழுசா உள்ள வரணும். செனட்ல விதிகள் கமிட்டியும், பிரதிநிதிகள் சபையில நீதித்துறை கமிட்டியும் விசாரிச்சாங்க, முன்னாடி நடந்த ரெண்டு தடவையும் அப்படித்தான். எஃப்பிஐ அந்த ஆளோட மொத்த வாழ்க்கையையும் தோண்டும், வரிக்கணக்கு வெளிய வரும், டிவி கேமரா முன்னாடி நாள்கணக்குல கேள்வி கேப்பாங்க. அப்புறம் ஒவ்வொரு சபையிலயும் ஓட்டு, சாதாரண மெஜாரிட்டி போதும், மூணுல ரெண்டு பங்கெல்லாம் வேண்டாம். ரெண்டாவது சபையும் சரின்னு சொன்னதும் பதவிப்பிரமாணம், அன்னிக்கே எடுத்துக்கலாம்.

இது நிஜத்துல எப்படி ஓடும்னு தெரியணும்னா 1973-ஐ பாக்கணும். நிக்ஸனோட துணை அதிபர் ஸ்பைரோ அக்னூ, மேரிலாண்டுல பதவியில இருந்தப்ப கான்ட்ராக்டர்கள்கிட்ட பணம் வாங்கின விவகாரம் வெடிச்சு, அக்டோபர் 10-ம் தேதி ராஜினாமா கடிதம் வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிஞ்சருக்கு போச்சு, அதே நாள் கோர்ட்ல வரி ஏய்ப்பு வழக்க எதிர்க்கலன்னு சொல்லிட்டார், 10,000 டாலர் அபராதம், மூணு வருஷம் நன்னடத்தை கண்காணிப்பு. நிக்ஸனுக்கு மனசுல இருந்தது டெக்சஸ் முன்னாள் கவர்னர் ஜான் கானலி. ஆனா ரெண்டு சபையும் எதிர்க்கட்சியான டெமாக்ரட் கையில, கானலி பேர் போனா தேறாதுன்னு தெரிஞ்சுபோச்சு. காங்கிரஸ் தலைவர்கள் சொன்னது ஜெரால்ட் ஃபோர்டு, மிச்சிகன்காரர், 1949-லேந்து எம்.பி., எதிர்க்கட்சியிலயும் யாருக்கும் அவர் மேல பகை இல்ல. ரெண்டே நாள்ல, அக்டோபர் 12, நிக்ஸன் அவர் பேர அறிவிச்சார். அதனால, அதிபர் முன்மொழியறார்னு எழுதியிருந்தாலும், எந்தப் பேரு தேறும்னு தீர்மானிக்கறது அன்னிக்கு சபையில யாருக்கு மெஜாரிட்டிங்கறதுதான்.

அப்புறம் எட்டே நாள்ல, அக்டோபர் 20, நிக்ஸன் ஆளுங்க சிக்கின வாட்டர்கேட் ஊழல் வழக்க விசாரிச்ச தனி வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸ நிக்ஸன் வேலைய விட்டு தூக்க வெச்சார், நாடே கொந்தளிச்சுது, நிக்ஸன இம்பீச் பண்ணணும்னு பேச்சு கிளம்பிடுச்சு. இப்ப யோசிச்சு பாருங்க, துணை அதிபர் இல்ல, அடுத்து நிக்கறது சபாநாயகர் கார்ல் ஆல்பர்ட், அவர் டெமாக்ரட். ஃபோர்டு நியமனத்த இழுத்தடிச்சா, நிக்ஸன் போனதும் தேர்தலே இல்லாம வெள்ளை மாளிகை கட்சி மாறிடும். அப்படி பண்ணலாம்னு சில டெமாக்ரட்காரங்க யோசனையும் சொன்னாங்க. ஆல்பர்ட் அதுக்கு இடம் குடுக்கல. கெடு இல்லாத சட்டத்துல ஒரு மனுஷனோட நேர்மைதான் அன்னிக்கு கெடுவா நின்னுச்சு, எனக்கு இந்த மொத்தக் கதையிலயும் ரொம்ப மதிப்பு அவர் மேலதான். நவம்பர் 27-ல செனட் 92-க்கு 3, டிசம்பர் 6-ல பிரதிநிதிகள் சபை 387-க்கு 35, அன்னிக்கே ஃபோர்டு பதவி ஏத்துக்கிட்டார். காலியா இருந்தது 57 நாள்.

அந்த விசாரணையில ஃபோர்டுகிட்ட ஒரு கேள்வி வந்துச்சு, அதிபர் ராஜினாமா பண்ணிட்டா அவருக்கு அடுத்து வர்றவர் அவர் மேல வழக்கு வராம தடுக்க முடியுமான்னு. மக்கள் அத ஏத்துக்க மாட்டாங்கங்கற மாதிரி பதில் சொன்னார். அடுத்த வருஷம் ஆகஸ்ட் 9-ல நிக்ஸன் போனார், ஃபோர்டு அதிபரானார், செப்டம்பர் 8-ல நிக்ஸனுக்கு முழு மன்னிப்பு குடுத்தார். சட்டப்படி விசாரணையில சொன்ன வார்த்தை யாரையும் கட்டாது, ஆனா ஜனங்க மறக்கல, 1976 தேர்தல்ல அது அவருக்கு பாதகமாத்தான் இருந்துச்சு.

ரெண்டாவது தடவ ஃபோர்டு தன்னோட இடத்த நிரப்பினது. ஆகஸ்ட் 20, நெல்சன் ராக்கஃபெல்லர் பேர அனுப்பினார், 14 வருஷத்துக்கு மேல நியூயார்க் கவர்னரா இருந்தவர், பரம்பரை கோடீஸ்வரர். இங்க விசாரணை நீண்டு போச்சு, ஏன்னா அவர்கிட்ட எவ்ளோ சொத்து, அத வெச்சு யார் யாருக்கு பணம் குடுத்திருக்கார்னு தோண்ட ஆரம்பிச்சாங்க, கிஸ்ஸிஞ்சருக்கே 50,000 டாலர் அன்பளிப்பு குடுத்தது வெளிய வந்துச்சு. டிசம்பர் 10-ல செனட் 90-க்கு 7, டிசம்பர் 19-ல பிரதிநிதிகள் சபை 287-க்கு 128. பேர் அனுப்பி 121 நாள், நாற்காலி காலியாகி 132 நாள். அன்னிக்குலேந்து 1977 ஜனவரி 20 வரைக்கும் அதிபரையும் நாட்டு மக்கள் தேர்ந்தெடுக்கல, துணை அதிபரையும் தேர்ந்தெடுக்கல, ரெண்டு பேருமே இந்த ரெண்டாவது பிரிவு வழியா வந்தவங்க. அதுக்கப்புறம் இன்னிவரைக்கும் இந்தப் பிரிவு தேவைப்படல.

இப்ப, காலியா கிடக்கற நாட்கள்ல என்ன நடக்கும்ங்கறது நிறைய பேர் கவனிக்காதது. பொறுப்பு துணை அதிபர்னு ஒருத்தரே கிடையாது. சபாநாயகர் சபாநாயகராவே இருப்பார். செனட்ட தற்காலிக தலைவர் நடத்துவார், ஆனா அவருக்கு செனட்டரா இருக்கற ஒரு ஓட்டுதான், 50-க்கு 50 வந்தா முடிச்சு வெக்கற ஓட்டு துணை அதிபருக்கு மட்டுமே உண்டு. அவர் இல்லன்னா சமமா நின்ன தீர்மானம் தோத்த மாதிரிதான். கமலா நாலு வருஷத்துல 33 தடவ அந்த ஓட்ட போட்டாங்க, கால்ஹூன் வெச்சிருந்த 31-ங்கற சாதனைய தாண்டி. 2025 ஜனவரில ஹெக்செத் பாதுகாப்பு அமைச்சரானது ஜே.டி. வான்ஸ் போட்ட அந்த ஒரு ஓட்டுலதான்.

அத விட பெருசு ஒண்ணு இருக்கு. அதிபரால வேலை பாக்க முடியல, ஆனா அத அவரே ஒத்துக்கல இல்ல சொல்ற நிலையில இல்லன்னா, துணை அதிபரும் அமைச்சர்கள்ல பாதிக்கு மேலயும் சேந்து எழுதிக் குடுத்து பொறுப்ப மாத்தலாம்னு 25வது திருத்தத்தோட நாலாவது பிரிவு சொல்லுது. துணை அதிபர் இல்லாத நாட்கள்ல அந்தக் கதவு மூடியே இருக்கும், அமைச்சர்கள் எல்லாரும் ஒத்துக்கிட்டாலும் பிரயோஜனமில்ல.

சித்தப்பா கேள்விக்கு இத போட்டு பாத்தா: 2024 ஜூலைல பைடன் ராஜினாமா பண்ணியிருந்தா கமலா அந்த நிமிஷமே அதிபர். துணை அதிபர் இடம் காலி. அவங்க ஒரு பேர் அனுப்பணும். செனட்ல அவங்க பக்கம் 51, அங்க பிரச்சினை இல்ல. பிரதிநிதிகள் சபை ரிபப்ளிகன் கையில, சபாநாயகர் மைக் ஜான்சன், துணை அதிபர் இல்லாத வரைக்கும் அதிபர் பதவிக்கு அடுத்து நிக்கறவரும் அவரேதான். தேர்தலுக்கு நாலு மாசம் கூட இல்ல. ஓட்டுக்கு எடுக்கணும்னு அவர கட்டாயப்படுத்த எந்தக் கெடுவும் இல்ல. 1973-ல ஆல்பர்ட் நின்ன அதே இடத்துல அவர் நின்னிருப்பார், என்ன பண்ணியிருப்பார்ங்கறது அவரவர் யோசிச்சுக்கலாம், சட்டம் அவர எதுவும் கேட்டிருக்காது.

கடைசியா ரெண்டு குழப்பம், சுருக்கமா. தேர்தலுக்கு முன்னாடியே வேட்பாளர் விலகிட்டா இது எதுவும் பொருந்தாது, அது கட்சி விவகாரம். 1972-ல டெமாக்ரட் துணை அதிபர் வேட்பாளர் தாமஸ் ஈகிள்டன், மனச்சோர்வுக்கு ஆஸ்பத்திரியில சிகிச்சை எடுத்தது வெளிய வந்ததால விலகினார், கட்சியோட தேசியக் கமிட்டி கூடி சார்ஜென்ட் ஷ்ரைவர நிறுத்துச்சு. ஜெயிச்சு முடிச்சு ஜனவரி 20-க்கு முன்னாடி துணை அதிபரா வரப்போறவர் இறந்துட்டா, புது அதிபர் பதவி ஏத்துக்கிட்டு அதே ரெண்டாவது பிரிவ எடுத்து ஒரு பேர அனுப்புவார், ரெண்டு சபையும் ஓட்டு போடும், அது வரைக்கும் நாற்காலி காலி.